பதினைந்து நாள் மாத்திரை: வடசென்னையும் மருந்துத் தட்டுப்பாடும்

மருந்துத் தட்டுப்பாடு அலமாரி காலியான அன்று தொடங்குவதில்லை. அலமாரி காலியாவது அதன் கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே, 30 நாளைக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரை 15 நாளைக்குக் குறைந்துவிடுகிறது. 500 மில்லிகிராம் இல்லாததால் 250 மில்லிகிராமில் இரண்டு கொடுக்கப்படுகிறது. குழந்தைகளுக்கான சிரப் வராத வாரத்தில் பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்துப் பொடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு பெயரை எழுதி, "இதை மட்டும் வெளியில வாங்கிக்கோங்கம்மா" என்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் தட்டுப்பாடுதான். ஆனால் இருப்புப் பதிவேட்டில் எதுவும் அப்படி ஏறுவதில்லை. நோயாளி வந்தார், மருந்து வாங்கிச் சென்றார் என்றே கணக்கு நிற்கிறது. தட்டுப்பாடே இல்லை என்று மேலே சொல்லப்படும்போதும் கீழே வரிசையில் நிற்பவர் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கரையோரப் பகுதியில் இந்த இடைவெளி மற்ற இடங்களைவிடக் கூர்மையாகத் தெரியும். துறைமுகமும் மீன்பிடித் துறைமுகமும் கன்டெய்னர் யார்டுகளும் அனல்மின் நிலையங்களும் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப்., ராயல் என்ஃபீல்டு போன்ற பெரிய தொழிற்சாலைகளும் இங்கே இருக்கின்றன. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. அதே ஆலைக்குள் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவருக்கு அது பல நேரம் பேருக்குத்தான். கன்டெய்னர் லாரியில் கிளீனர், மீன் ஏலக்கூடத்தில் கூடை சுமப்பவர், வெல்டிங் பட்டறை உதவியாள், வீட்டு வேலைக்குப் போகும் பெண் என்று பெருங்கூட்டத்துக்கு அரசு மருத்துவமனையும் மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையமும்தான் கதி.

அரசு மருத்துவமனை மீதான இந்த நம்பிக்கை பழையது. 1782-ல் பஞ்ச காலத்தில் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தையும், அதை ஒட்டி 1799-ல் உருவான மருத்துவமனையையும் ஊர் மக்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்தார்கள். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ராயபுரத்தின் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருப்பது. எண்ணூரிலிருந்து ஒருவர் ஸ்டான்லிக்கு வர வேண்டுமானால் லாரிகள் அடைத்து நிற்கும் சாலையைக் கடந்து வர வேண்டும். காலையில் ஓ.பி. சீட்டு, மருத்துவர் அறை வாசலில் ஒரு வரிசை, மருந்துக் கவுன்டரில் இன்னொரு வரிசை என்று ஒரு வேலைநாள் முழுவதும் போய்விடும். 30 நாள் மாத்திரை 15 நாளாகும்போது மருந்தின் விலை அவருக்கு ஒரு பைசாகூட ஏறவில்லை, அது இலவசம்தான். ஆனால் மாதத்துக்கு ஒரு நாள் போன கூலி இப்போது இரண்டு நாள் போகிறது. தட்டுப்பாட்டின் செலவை மருத்துவமனை ஏற்பதில்லை, மருந்துக் கம்பெனியும் ஏற்பதில்லை. வரிசையில் நிற்பவரின் கூலியிலிருந்து அது கழிகிறது.

இரண்டாவது கூலி போகக்கூடாது என்று நினைப்பவர் என்ன செய்வார்? 15 நாள் மாத்திரையை 30 நாளைக்கு இழுப்பார். சர்க்கரை மாத்திரையைக் காலையில் மட்டும் போடுவார். ரத்த அழுத்த மாத்திரையைத் 'தலை சுத்தினா' போட்டுக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்வார். இந்த இரண்டு நோயும் உடனே காட்டிக் கொடுப்பதில்லை. விட்ட மாத்திரைக்கான கணக்கு சில ஆண்டுகள் கழித்து, பாதப் புண்ணாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ ஒரு பக்கம் விழுந்த கையாகவோ அதே மருத்துவமனையின் வேறொரு வார்டுக்கு வருகிறது. வலிப்பு நோய்க்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சில நாட்களிலேயே வலிப்பு திரும்பலாம். அது அடங்காமல் தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து. படகில் கடலுக்குப் போகிறவருக்கும் உயரத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கும் ஒரே ஒரு வலிப்பு போதும்.

ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதான சிறுவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. அந்தக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமி தொண்டையில் மீண்டும் தொற்றாமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சாதைன் பென்சிலின் ஊசி போட வேண்டும். அதையும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். நெரிசலான வீடுகளில் வளரும் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் நோய் இது. மிகப் பழைய, மிக மலிவான இந்த ஊசிக்கு உலகின் பல நாடுகளில் கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் திரும்பத் திரும்பத் தட்டுப்பாடு வந்திருக்கிறது. ஊசி இல்லாத வாரத்தில் தினமும் இரண்டு வேளை மாத்திரை என்று மாற்றி எழுதலாம். நோயே இல்லாததுபோல் தெருவில் விளையாடும் பத்து வயதுப் பிள்ளை ஆண்டுக்கணக்கில் தினம் இரண்டு வேளை மாத்திரை விழுங்கும் என்று எந்த மருத்துவரும் மனதார நம்புவதில்லை.

கவுன்டருக்கு உள்ளே நிற்பவர்களின் பாடு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. மருந்து ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பார்மசிஸ்ட் நிற்கிறார். அந்தப் பதில் அவரிடம் இருக்காது. டெண்டர் தள்ளிப்போனதோ, ஒரு பேட்ச் தர பரிசோதனையில் நிற்பதோ அவருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. வசவு மட்டும் அவருக்கு வருகிறது. இருக்கும் 1,000 மாத்திரையை வரிசையில் முதலில் வந்தவர்களுக்கு முழுதாகக் கொடுப்பதா, எல்லோருக்கும் பாதியாகப் பிரிப்பதா என்ற முடிவும் அவர் தலையில் விழுகிறது. முழுதாகக் கொடுத்தால் பின்னால் வருபவருக்கு எதுவும் இல்லை. பாதியாகக் கொடுத்தால் எல்லோரும் மறுபடி வருவார்கள், அடுத்த வார வரிசை இரட்டிப்பாகும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது, இரண்டிலும் யாரோ ஒருவர் நட்டப்படுகிறார். இப்படிப்பட்ட முடிவை ஒரு தனி ஊழியரின் மனசாட்சியிடம் விட்டுவிடுவது ஒரு நிர்வாகம் செய்யக்கூடிய காரியம் அல்ல.

மருத்துவருக்கு வேறு சிக்கல். பழகிய மருந்து இல்லாதபோது பழகாததை எழுத வேண்டியிருக்கிறது. எளிய கிருமிக்கொல்லி இல்லாத நாளில் வீரியமான கிருமிக்கொல்லி எழுதப்படுகிறது. அந்த நோயாளி குணமாகிவிடுவார். ஆனால் வீரியமானதற்கும் அடங்காத கிருமிகள் வார்டில் பெருகும். மாற்று மருந்தில் அளவுப் பிழையும் எளிதில் நேரும். இதற்கு இன்சுலினைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் ஊசிக்குழாய் வேறு. அரசு மருத்துவமனையில் 40 யூனிட் குப்பி இல்லை என்று கடையில் கிடைத்த 100 யூனிட் மருந்தை வாங்கி, வீட்டில் இருக்கும் பழைய ஊசிக்குழாயிலேயே பழைய கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது இரண்டரை மடங்கு. சர்க்கரை சரிந்து மயங்கி விழ அது போதும். மாற்று மருந்து கொடுக்கும் நேரத்தில் செவிலியர் ஒவ்வொருவரிடமும் குழாயை எடுத்துக் காட்டி விளக்க வேண்டும். நூறு பேர் நிற்கும் வரிசையில் அதற்கான இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை.

இந்த மருந்தெல்லாம் கவுன்டர் வரை எப்படி வருகிறது என்பதைப் பார்த்தால்தான் தட்டுப்பாடு எந்த இடத்தில் புகுகிறது என்று புரியும். தமிழ்நாட்டில் இதற்கான அடிப்படை அமைப்பு 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதற்கு முன் ஒவ்வொரு துறையும் தனித்தனியாகக் கொள்முதல் செய்தது. ஒரு மருத்துவமனையில் ஒரே மருந்து குவிந்து காலாவதியாகும், பக்கத்து மருத்துவமனையில் அதே மருந்துக்கு நோயாளி அலைவார். கழகம் வந்தபின் மாநிலம் முழுவதற்கும் ஒரே அத்தியாவசிய மருந்துப் பட்டியல், ஒரே டெண்டர், மாவட்டந்தோறும் கிடங்கு என்று ஆனது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குபோல ஒரு பாஸ்புக் வழங்கப்பட்டது. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரம்பு இருக்கும். எடுக்க எடுக்கத் தொகை குறையும். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று கேட்பது மருத்துவமனையின் உரிமை, மேலிருந்து திணிப்பது கிடையாது. இந்த ஒரு மாற்றமே பெரிய மாற்றம். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் தங்கள் கழகங்களை இதைப் பார்த்தே அமைத்தன.

கிடங்குக்கு வந்த ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயர் தெரியாதபடி குறியீடு இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். முடிவு வரும் வரை அந்தப் பேட்ச் கிடங்கை விட்டு நகரக்கூடாது. இது நோயாளியைக் காக்கும் விதி, எந்த அவசரத்திலும் தளர்த்தக்கூடாதது. ஆனால் இதற்கு நாட்கள் பிடிக்கும். ஒரு பேட்ச் தேறாமல் போனால் மறுபடி வரவழைக்க வாரங்கள் ஆகும். அந்த வாரங்களைத் தாங்குவதற்குத்தான் கிடங்கில் சில மாதங்களுக்கான கையிருப்பு வைக்கப்படுகிறது. ஆகவே கையிருப்பு என்பது முடங்கிக் கிடக்கும் பணம் அல்ல, தரத்தைப் பரிசோதிக்க வாங்கும் அவகாசம் அது. சிக்கனம் என்று கையிருப்பைக் குறைத்தால் ஒன்று அலமாரி காலியாகும், அல்லது பரிசோதனையில் விட்டுக்கொடுக்கும் ஆசை வரும். மலிவு விலைக்குப் போட்டியிட்டு டெண்டர் எடுத்த சிறு நிறுவனத்துக்குப் பட்டுவாடா தாமதமானாலும் இதே கதைதான். நடுவில் மூலப்பொருள் விலை ஏறிவிட்டால், நட்டத்துக்குச் சப்ளை செய்வதைவிட அபராதம் கட்டுவது மேல் என்று அந்த நிறுவனம் கணக்குப் போடும்.

எதிர்பாராத பற்றாக்குறைக்கு மருத்துவமனை தானே வெளியில் வாங்கிக்கொள்ள ஒரு சிறு பங்கு நிதி ஒதுக்கப்படுகிறது. 'லோக்கல் பர்ச்சேஸ்' என்று ஊழியர்கள் சொல்வது இதைத்தான். இது பெரிய டெண்டர் விலையைவிட அதிக விலைக்கே முடியும், தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியும் இருக்கும். அதனால் துணிந்து கையெழுத்துப் போடும் கண்காணிப்பாளர் இருக்கும் மருத்துவமனையில் நோயாளி தப்பிக்கிறார். தயங்குபவர் இருக்கும் இடத்தில் ஓ.பி. சீட்டின் பின்பக்கம்தான் வழி.

கழகத்தின் வழியாக வராத மருந்துகளும் அதே கவுன்டருக்கு வந்து சேர்கின்றன. காசநோய் மருந்து, எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்து, குழந்தைகளின் தடுப்பூசி ஆகியவற்றை ஒன்றிய அரசு கொள்முதல் செய்து மாநிலங்களுக்கு அனுப்புகிறது. இந்தக் குழாயில் அடைப்பு வந்தால் மாநிலத்தின் கையில் பெரிதாக எதுவும் இல்லை. 2024 மார்ச்சில் அதுதான் நடந்தது. காசநோய் மருந்து வருவது தாமதப்படலாம் என்றும், மூன்று மாதத்துக்கான மருந்தை மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் மார்ச் 18 அன்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. முந்தைய ஆண்டிலேயே மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான மருந்துகள் கிடைக்கவில்லை என்று பல மாநிலங்களிலிருந்து புகார் வந்தது, அமைச்சகம் அதை மறுத்தது. 2013-லும் குழந்தைகளுக்கான காசநோய் மருந்துக்கு இப்படி ஒரு தட்டுப்பாடு வந்து போயிருந்தது. உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர் என்ற நிலையில், 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று அறிவித்த ஒரு நாட்டில், அடிப்படை மாத்திரைக்கே இந்த நிலை வந்தது மன்னிக்க முடியாதது.

காசநோய்க்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்பது சிகிச்சையின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் என்ற நான்கும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைட் நீங்கலான மூன்றும் தினமும் சாப்பிட வேண்டும். நான்கையும் ஒரே மாத்திரையில் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். உடல் எடை 35 முதல் 49 கிலோ என்றால் நாளைக்கு மூன்று, 50 முதல் 64 கிலோ என்றால் நான்கு. கூட்டு மாத்திரை இல்லாதபோது ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். கை நிறைய மாத்திரை, அதில் ஒன்று கடையில் இல்லை, இன்னொன்றின் அளவு வேறு. எதை விட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குத் தெரியாது. இருமல் நின்று, எடை ஏறி, வேலைக்குத் திரும்பிய மூன்றாவது மாதத்தில் 'ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்க' என்று கேட்பவர் அடுத்த வாரம் வருவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அவர் உடலில் மிச்சமிருக்கும் கிருமிகளுக்கு அரைகுறை மருந்து பயிற்சிக் களமாகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் அப்படித்தான் உருவாகிறது. அதற்கான சிகிச்சை பல மடங்கு செலவு வைக்கும், பக்க விளைவும் கடுமை. அதே ஒற்றை அறை வீட்டில் தூங்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் இனி பரவுவதும் அந்தக் கடினமான வகைதான்.

இங்கே சென்னையின் பெயரை உலகம் அறிந்த ஓர் ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியாது. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் கீமோதெரபி மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிச் சிகிச்சை அளித்தது. ஒரு பிரிவு சானட்டோரியத்தில் படுக்கை, நல்ல உணவு, செவிலியர் கவனிப்போடு இருந்தது. இன்னொரு பிரிவு நெரிசலான வீட்டிலேயே, போதாத உணவோடு, மருந்தை மட்டும் வாங்கிச் சாப்பிட்டது. 1959-ல் வெளியான முடிவு மருத்துவ உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. இரண்டு பிரிவிலும் குணமானவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. சானட்டோரியங்களின் காலம் முடிவுக்கு வரவும், ஏழை நாடுகள் வீட்டுச் சிகிச்சையை நம்பி இறங்கவும் இந்த முடிவு முக்கியக் காரணம். அந்த வெற்றிக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. மருந்து தவறாமல் கைக்கு வர வேண்டும். படுக்கையும் பாலும் முட்டையும் இல்லாமலே காசநோயை வெல்லலாம் என்று நிரூபித்த ஊரில், அந்த ஒற்றை நிபந்தனை தவறினால் நோயாளிக்கு வேறு பிடிமானம் எதுவும் இல்லை.

தடுப்பூசியில் இதைவிடப் பெரிய அடி முன்பே விழுந்தது. பி.சி.ஜி. தடுப்பூசி தயாரித்துவந்த கிண்டி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உரிமத்தையும் 2008 ஜனவரியில் ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. உற்பத்தித் தரம் நவீன விதிகளுக்கு ஏற்ப இல்லை என்பது காரணம். குறை இருந்தால் திருத்த வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மாற்று ஏற்பாடு உறுதியாகும் முன் மூன்றையும் ஒரே நேரத்தில் மூடியதால் நாடு பெரும்பாலும் தனியார் உற்பத்தியை நம்ப வேண்டியதாயிற்று, தடுப்பூசித் திட்டம் தடுமாறியது. எதிர்ப்புக்குப் பின் 2010-ல் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. 2018-ல் ஆக்சிடோசினுக்கும் இதுபோல் ஒன்று நடக்கவிருந்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் இந்த ஊசி ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற மகப்பேறு மருத்துவமனைகளில் ஒரு மணி நேரம்கூட இல்லாமல் இருக்கக்கூடாதது. கால்நடைகளுக்குத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, இதைத் தயாரிக்கும் உரிமையை கர்நாடகத்தில் உள்ள ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்கு மட்டும் ஒன்றிய அரசு ஒதுக்க முயன்றது. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரே கதவு உள்ள வீட்டில் அந்தக் கதவு சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசிக்காத முடிவுகள் இவை.

ஒற்றைக் கதவு ஆபத்து மூலப்பொருளில்தான் மிக அதிகம். மாத்திரை தயாரிப்பில் இந்தியா உலக அளவில் முன்னணியில் இருக்கிறது. அந்த மாத்திரைக்குள் இருக்கும் மூல மருந்தில் இறக்குமதியாவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. மருந்து இறக்குமதிக்கு அனுமதிக்கப்பட்ட துறைமுகங்களில் சென்னையும் ஒன்று. ராயபுரத்துக்காரர் வேலை செய்யும் அதே துறைமுகத்தில் இறங்கும் பீப்பாயிலிருந்துதான் அவர் சாப்பிடும் மாத்திரையும் உருவாகலாம். எப்போதும் இப்படி இருந்ததில்லை. புனே அருகே பிம்ப்ரியில் 1954-ல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது, 1961-ல் ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து நிறுவனம் வந்தது. பென்சிலினை இந்தியா தானே நொதிக்க வைத்துத் தயாரித்தது. மலிவான சீனப் பென்சிலின் வந்தபின் இந்திய ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. 2020-ல் அறிவிக்கப்பட்ட ஊக்கத்தொகைத் திட்டத்தின் கீழ் காக்கிநாடா அருகே 2024-ல்தான் ஒரு பெரிய பென்சிலின் ஆலை மறுபடி தொடங்கியது. இழந்ததைத் திரும்பப் பெற ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது.

ஹெப்பாரின் கதை இந்தச் சங்கிலியை முழுதாகக் காட்டும். டயாலிசிஸ் இயந்திரத்துக்குள் போகும் ரத்தம் உறையாமல் இருக்க இந்த ஊசி வேண்டும். அது பன்றிக் குடலிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. 2018-19-ல் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவிப் பன்றிகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. மூலப்பொருள் விலை எகிறியது. கட்டுப்படுத்தப்பட்ட விலைக்குத் தயாரிக்க முடியாது என்று இந்திய நிறுவனங்கள் கைவிரித்தன. 2020 ஜூனில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பை 50 சதவீதம் உயர்த்திய பிறகே உற்பத்தி நிலைப்பட்டது. சீனப் பண்ணையில் நடந்ததற்கும் வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு வரும் ஒருவரின் உயிருக்கும் இடையே இத்தனை நெருக்கம் இருக்கிறது.

விலை உச்சவரம்பு ஏழைகளுக்கான பாதுகாப்பு, அதை எடுத்துவிடக்கூடாது. ஆனால் செலவுக்கும் கீழே விலை நின்றுவிட்டால் தயாரிப்பவர்கள் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள். அதற்காகவே 2019, 2021 ஆண்டுகளில் சில மருந்துகளுக்கும், 2024 அக்டோபரில் எட்டு மருந்துகளுக்கும் ஆணையம் 50 சதவீதம் விலை உயர்த்தியது. 2024 பட்டியலில் இருந்தவை ஸ்ட்ரெப்டோமைசின், பென்சில் பென்சிலின், அட்ரோபின், மனநோய்க்கான லித்தியம், மூச்சிரைப்புக்கான சால்பூட்டமால் போன்றவை. எல்லாமே பழைய மருந்துகள், ஏழைகளின் மருந்துகள். சாம்பல் பறக்கும் எண்ணூரிலும் டீசல் புகை அடங்காத திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் சால்பூட்டமால் இல்லாத இரவு எப்படி இருக்கும் என்று அங்குள்ள எந்தத் தாயும் சொல்வார். பணக்கார நாடும் தட்டுப்பாட்டுக்கு விலக்கல்ல. அகமதாபாத் அருகே ஓர் ஆலையில் 2022 இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் குறை கண்டு உற்பத்தி நின்றதும், 2023-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவமனைகளில் சிஸ்பிளாட்டின் கிடைக்காமல் சிகிச்சையைத் தள்ளிப்போட நேர்ந்தது.

பேரிடர் நேரத்துத் தட்டுப்பாடு வேறு வகை. 2021 ஏப்ரல் இறுதியில், கொரோனா இரண்டாம் அலையின்போது, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் விற்பனைக் கவுன்டர் திறக்கப்பட்டது. பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இரவெல்லாம் சாலையில் காத்துக் கிடந்தார்கள். மே 15-ல் கவுன்டர் நேரு விளையாட்டரங்குக்கு மாறியது, கூட்டம் அங்கும் பெருகியது. பிறகு மருத்துவமனைகளே இணையம் வழியாகக் கேட்டுப் பெறலாம் என்று மாற்றினார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது. வலிக்கும் உண்மை இன்னொன்று இருக்கிறது. இந்த மருந்தைக் கொரோனாவுக்குப் பரிந்துரைக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. நகையை அடகு வைத்து வாங்கிய குப்பிக்காகத் தொற்று பரவும் கூட்டத்தில் குடும்பங்கள் நின்றன. எந்த மருந்து அவசியம், எது அவசியமில்லை என்று மருத்துவர்கள் ஒரே குரலில் சொல்லாதபோது பயமே தட்டுப்பாட்டை உண்டாக்கிவிடும். உண்மையிலேயே உயிர் காத்தது ஆக்சிஜன். துர்காபூரிலிருந்து சுமார் 80 டன் திரவ ஆக்சிஜனோடு தமிழ்நாட்டுக்கு வந்த முதல் ஆக்சிஜன் ரயில் மே 14-ல் வந்து நின்றது தண்டையார்பேட்டை கன்டெய்னர் முனையத்தில்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மருந்து இருந்தும் எட்டவில்லை. வடசென்னைத் தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது, எண்ணூர்ப் பகுதியில் அந்தத் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தது. மின்சாரம் இல்லாத வீட்டில் இன்சுலின் கெடலாம். 15 நாள் மாத்திரையில் கடைசி இரண்டு நாள் மிச்சமிருந்தவர் வெள்ளத்தில் எங்கே போவார்? கூவம் கரையிலோ கொசஸ்தலை முகத்துவாரத்திலோ வாழ்பவர்களுக்கு வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு மாதம் கூடுதலாக மாத்திரை கொடுத்து வைப்பது செலவில்லாத ஏற்பாடு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பெண் தன்னார்வலர்களிடம் யார் யாருக்கு என்ன மாத்திரை என்ற பட்டியலே இருக்கிறது. மழைக்கு முந்தைய விநியோகத்தை அவர்கள் கையால் முடித்துவிடலாம்.

ஒரு நாடே மருந்தில்லாமல் நின்றதையும் இந்தக் கரை பார்த்தது. 2022-ல் அந்நியச் செலாவணி தீர்ந்த இலங்கையில், பெரும்பாலான மருந்துகளை இறக்குமதி செய்யும் அந்த நாட்டில், பேராதனை மருத்துவமனை மார்ச் மாதம் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை நிறுத்தியது. ஏப்ரல் 29-ல் தமிழ்நாடு சட்டப்பேரவை உதவி அனுப்பத் தீர்மானம் நிறைவேற்றியது. 28 கோடி ரூபாய் மதிப்பில் 137 வகை மருந்துகள் அந்த உதவியில் இருந்தன. மே 18-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட முதல் கப்பலில் 9,000 டன் அரிசியும் 200 டன் பால் பவுடரும் 24 டன் மருந்தும் போயின. ஒரு மாநிலம் தன் கொள்முதல் வலிமையால் இன்னொரு நாட்டுக்கு மருந்து கொடுக்க முடிந்தது பெருமைக்குரியது. அந்த வலிமை இருக்கும்போது, தன் சொந்தக் கவுன்டரில் 15 நாள் மாத்திரை கொடுக்கப்படுவதை வழக்கம் என்று ஏற்க வேண்டிய அவசியம் இல்லை.

ஏற்காமல் இருக்க முதலில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். எழுதியது 30 நாள், கொடுத்தது 15 நாள் என்றால் மீதியைக் கொடுபடாத மருந்தாகக் கவுன்டரிலேயே பதிய வேண்டும். வெளியில் வாங்க எழுதிய ஒவ்வொரு மருந்தும் அன்றே கிடங்கின் திரையில் தெரிய வேண்டும். ஒரு மருந்து குறையத் தொடங்கியதும் அதற்கு மாற்று எது, எந்த அளவில், யாருக்கு முதலில் என்று மருத்துவர் குழு எழுதிக் கொடுத்துவிட்டால் பார்மசிஸ்ட் தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை. காசநோய், ஏ.ஆர்.டி., வலிப்பு, இன்சுலின், டயாலிசிஸ் மருந்துகளுக்கு மற்றவற்றைவிட அதிக மாதக் கையிருப்பு வேண்டும். ஒன்றிய அரசின் மருந்து தாமதமானால் கடிதம் வரும் வரை காத்திராமல் மாநிலக் கழகமே வாங்கிவிட்டு, பணத்தைப் பின்னர் ஈடுகட்டிக்கொள்ள நிலையான உத்தரவு வேண்டும். முக்கிய மருந்துகளுக்கு டெண்டரில் ஒரே நிறுவனத்துக்கு முழுவதையும் கொடுக்காமல் இரண்டாக, மூன்றாகப் பிரிக்க வேண்டும், பட்டுவாடாவைத் தள்ளிப்போடக்கூடாது. 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்களும் ஒன்றிய அரசின் மக்கள் மருந்தகங்களும், மருத்துவமனையில் இல்லாத மருந்தைச் சீட்டைக் காட்டி இலவசமாகவே வாங்கிக்கொள்ளும் இடங்களாக இணைக்கப்பட்டால், எண்ணூர்க்காரர் இரண்டாவது கூலியை இழந்து ஸ்டான்லி வரை வர வேண்டியிராது, வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே மீதிப் 15 நாளுக்கான மாத்திரை அவருக்குக் கிடைத்துவிடும்.